சாக்கு எடை

என் தங்கை மகன் சேதராப்பட்டில் மசாலாத் தூள் அரைத்துப் பொட்டலம் போடும் சிறு தொழில் நடத்துகிறான். அவனிடம் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். சென்ற மாதம், தொழில் நடத்துவோருக்கான இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குக் கட்டணம் கட்டிப் போய் வந்தான். வந்த அன்றே அஸர் தொழுகைக்குப் பின் வில்லியனூர் சுல்தான்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, வகுப்பில் எழுதி வந்த நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தான்.

"மாமா, வெற்றி பெற்ற முதலாளிமார்களுக்கெல்லாம் பொதுவா சில குணங்கள் இருக்குதாம். படிக்கிறேன், கேளுங்க" என்றான்.

அதிகாலையில் எழுதல், தயங்காமல் முடிவெடுத்தல், கேட்பவர் மனம் கவரப் பேசுதல், நஷ்டத்தில் துவளாதிருத்தல், நேரத்தை வீணாக்காமை, வேலையாட்களுக்கு இலக்கு வைத்து வேலை வாங்குதல் என்று 21 குணங்கள் அதில் இருந்தன. உதாரணங்களும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாயுடன் தனியே தொழில் தொடங்கி, சிறு பொட்டல ஷாம்பூவைக் கிராமந்தோறும் கொண்டு சேர்த்த கதை அதில் ஒன்று. பாகூரிலிருந்து கடலூர் கூப்பிடு தூரம் என்பதால் அவனுக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துப் போயிருந்தது. எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அதில் எனக்குப் பெரிதாகப் பட்டது 15,000 ரூபாய் அல்ல. அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன், பணக்காரர் வீட்டில் இருக்கும் பொருளைக் கூலியாளும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்கும்படி சிறு அளவில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தவர். பொருளை வாங்க வருபவர்களில் ஆகக் கடைசியில் நிற்பவரின் இடத்தில் தம்மை நிறுத்திப் பார்த்த மனிதர் அவர்.

பட்டியலை நான் இகழவில்லை. தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத்தை வேண்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துஆ செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டறிந்த ஸக்ர் (ரலி) என்ற வணிகத் தோழர் தம் சரக்குகளை விடியலிலேயே அனுப்பும் வழக்கத்தைக் கைக்கொண்டார்கள், செல்வம் பெருகிற்று என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆனால் அதிகாலையில் எழுவதில் திருடனையும் யாரும் மிஞ்ச முடியாது அல்லவா? மனம் கவரப் பேசுவதிலும் அப்படித்தான். ஆகவே இவை ஒரு முதலாளி எவ்வளவு தூரம் போவான் என்பதைக் காட்டும் குணங்கள். எங்கே போகிறான் என்பதைக் காட்டுபவை அல்ல.

"இதிலே ஒரு குணம் விட்டுப் போச்சு தம்பி. அதை எனக்கு ஒரு காலிச் சாக்குதான் சொல்லிக் கொடுத்தது" என்றேன். அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். என் குறையை நானே அச்சில் ஏற்றுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வியாபாரம் செய்யும் நம் வீடுகளில் இந்தக் குறை இன்றும் இருக்கிறது என்பதால் எழுதத் துணிந்தேன்.

அப்போது நான் வில்லியனூரில் நெல் மண்டி வைத்திருந்தேன். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பது நேயர்கள் அறிந்ததே. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே வரும் தண்ணீரைப் பாகூர் ஏரி வாங்கிச் சுற்றுக் கிராமங்களுக்குக் கொடுக்கிறது. குருவிநத்தம், சேலியமேடு, பரிக்கல்பட்டு முதலிய ஊர்களிலிருந்து தை, மாசி மாதங்களில் சம்பா நெல் வண்டி வண்டியாக வரும். 75 கிலோ ஒரு மூட்டை. களத்துமேட்டில் நின்று விலை பேசுவதும் உண்டு, மண்டிக்கு வந்து போடுவதும் உண்டு. எடை போடும்போது சாக்கின் எடையைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் பணம் கொடுப்போம். அது நியாயமான கழிவுதான். நெல்லுக்குத்தானே விலை, சாக்குக்கு இல்லையே.

என்னிடம் எடைக்காரர் ஒருவர் இருந்தார். ஐவேளை தொழக்கூடியவர், பீடி சிகரெட் இல்லாதவர், கல்லாப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போனாலும் ஒரு காசு தொடமாட்டார். அப்படிப்பட்டவர் கையில் தராசைக் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக ஜும்ஆவுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போய் வந்தேன்.

1994 மாசி மாதம். பாகூருக்கு அப்பாலிருந்து ஒரு விதவைத் தாய் 14 மூட்டை நெல் கொண்டு வந்திருந்தார். எடை முடிந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் முந்தானையிலிருந்து நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்தார். அதன் பின்புறம் ஊரிலேயே நிறுத்து எழுதி வந்த எண்கள் இருந்தன. குரலை உயர்த்தவில்லை.

"பாய், சாக்குக்கு ஒண்ணரை கிலோ கழிக்கிறீங்களே, சாக்கு ஒண்ணரை கிலோ இருக்குமா?"

"வழக்கமா கழிக்கிறதுதாம்மா" என்று எடைக்காரர் முந்திக்கொண்டு சொன்னார்.

"ஒரு காலிச் சாக்கை வச்சு நிறுத்துக் காட்டுங்க."

மண்டியில் அப்போது எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, வைங்க" என்றேன். சிரித்ததற்குக் காரணம், சாக்கின் எடை ஒன்றரை கிலோதான் என்று உண்மையிலேயே நான் நம்பியதுதான். ஒரு நாளும் காலிச் சாக்கை நான் நிறுத்துப் பார்த்ததில்லை. எடைக்காரர் கை நடுங்கியதைக் கண்ட பிறகுதான் சிரிப்பு நின்றது. சாக்கு ஒரு கிலோகூட முழுதாக இல்லை. மூட்டைக்கு அரை கிலோ நெல் என் பக்கம் வந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாளுக்கு 7 கிலோவுக்கு உரிய பணத்தைச் சேர்த்துக் கொடுத்தோம். எண்ணி வாங்கிக்கொண்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "நீங்க கையில எடுத்துப் பாக்கவே மாட்டீங்களா பாய்?"

எல்லாரும் போன பிறகு எடைக்காரரிடம் சத்தம் போட்டேன். தொழுகையாளி இப்படிச் செய்யலாமா, நாளை மறுமையில் என்ன பதில் சொல்வாய் என்றெல்லாம் பேசினேன். அவர் தலை குனிந்தே நின்றார். கடைசியில் சொன்னார்:

"முதலாளி, போன வருஷம் ஈர நெல் காஞ்சு எடை குறைஞ்சுது. ஆலைக்குப் போனப்ப ஒன்பது மூட்டை கணக்கிலே குறையுதுன்னு ரெண்டு மாசம் என் சம்பளத்திலே பாதியைப் பிடிச்சீங்க. எடை குறைஞ்சா உன் சம்பளம் குறையும்னு எல்லார் எதிரிலயும் சொன்னீங்க. காயற நெல்லை நான் எப்படிப் பிடிச்சு வைப்பேன்? இந்த வருஷம் குறையக் கூடாதுன்னுதான் அரை கிலோ கூட்டிக் கழிச்சேன். ஒரு மணி நெல்லு என் வீட்டுக்குப் போகல."

அன்றிரவு எனக்கு நினைவு வந்தது வேறொன்று. அந்த ஆண்டு முதல் லோடு நெல் ஆலைக்குப் போய் எடை வந்தபோது காய்ச்சலுக்கான குறைவே இல்லை. களத்திலிருந்து வந்த ஈரம் உலர்ந்தால் எடை குறைந்துதான் ஆக வேண்டும். குறையவில்லை. கணக்குச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நான் சொன்ன வார்த்தை, "மாஷா அல்லாஹ், பரக்கத்!" என்பது. பாகூர் விவசாயியிடமிருந்து அரை அரை கிலோவாக வந்த நெல்லுக்கு நான் வைத்த பெயர் அது.

இப்போது கேள்விக்கு வருவோம். தான் ஏவாத, தான் அறியாத ஒரு மோசடிக்கு முதலாளி பொறுப்பாவாரா?

பொறுப்பில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆதாரம் தேவைப்பட்டது. கிடைக்கவும் செய்தது. ஒருவருடைய பாவச் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்பது திருமறை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அறிவிக்கும் சத்தியம். அதைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: "எடைக்காரர் செய்தது எடைக்காரர் பாவம். அதை நீங்கள் சுமக்கப் போவதில்லை. உங்களுடையதைத்தான் நீங்கள் சுமப்பீர்கள். உங்கள் மண்டியில் அடுக்கி வைத்திருக்கிறீர்களே, அந்த நெல் யாருடையது?"

நான் பாவத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பொருளைப் பற்றிக் கேட்டார்கள். பாவம் நிய்யத்தைப் பொறுத்தது. எனக்கு அந்த நிய்யத் இல்லை, உண்மை. ஆனால் பிறர் பொருள் என் கையில் இருக்கிறதே, அது நிய்யத் இல்லாததனால் என்னுடையதாகிவிடுமா? வழி தவறி வந்த ஆட்டைத் தெரியாமல் நம் தொழுவத்தில் கட்டினால், தெரிந்த நேரத்திலிருந்து அது அமானிதம். அடியார்களின் ஹக்கு விஷயத்தில் அறியாமை, ஏற்கெனவே நடந்ததற்கு ஒரு சமாதானம் ஆகலாமேயொழிய, வந்த பொருளை வைத்துக்கொள்வதற்கு உரிமைச் சீட்டு ஆகாது.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். ஹிஜ்ரி 150ல் (கி.பி. 767) மறைந்த அந்த மாமேதை, தம் கூட்டாளியிடம் துணிகளை விற்கக் கொடுத்தபோது, குறையுள்ள துணி ஒன்றைச் சுட்டி, வாங்குபவரிடம் அதைச் சொல்லி விற்கும்படி கேட்டுக்கொண்டார்கள். கூட்டாளி மறந்துவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் விற்று வந்த தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். இந்தச் சம்பவத்தை நம் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இமாமின் பேணுதலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அன்று வேறொன்று தெரிந்தது. அவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார்கள், ஆகவே "நான் சொல்லித்தான் அனுப்பினேன், அவர் மறந்தால் நான் என்ன செய்வது" என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. நான் எச்சரிக்கக்கூட இல்லை. எச்சரித்தவர் முழுத் தொகையையும் விட்டார், எச்சரிக்காதவன் ஆதாரம் தேடிக்கொண்டிருந்தேன்.

சாக்கு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு என்பது அந்த வாரம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளவை பற்றி ஒவ்வொருவரும் கேட்கப்படுவர் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். பணியாளும் தன் எஜமானின் பொருளுக்கு மேய்ப்பாளர் என்று அதே ஹதீஸில் வருகிறது. எடைக்காரர் அந்தப் பகுதியைத்தான் மிகுதியாகக் கடைப்பிடித்துவிட்டார்! என் பொருள் குறையாமல் காத்தார். எவர் பொருளிலிருந்து காத்தார் என்பதை மறந்தார். மறக்கும்படி செய்தது யார்?

ஒரு கடையின் தலைவர் தம் ஆட்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவர் வாயால் சொல்லும் உபதேசத்தை அல்ல. எதற்குக் கோபப்படுகிறார், எதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறார் என்பதையே ஆட்கள் பார்த்துக் கற்கிறார்கள். நான் ரமலானில் அளவை நிறுவை பற்றி வேலையாட்களுக்கு உபதேசம் செய்திருக்கிறேன். அளவையில் குறை செய்வோரைக் கண்டிக்கும் 83ஆவது அத்தியாயத்தை ஓதியும் காட்டியிருக்கிறேன். ஆனால் எடை குறைந்தபோது கத்தினேன். கூடியபோது மாஷா அல்லாஹ் என்றேன். இவ்விரண்டில் எதை அவர் நம்புவார்?

நபிகளாரின் வழி இதற்கு நேர் எதிர். அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயதிலிருந்து பத்தாண்டுகள் நபிகளாரிடம் ஊழியம் செய்தவர்கள். அத்தனை காலத்திலும் ஒரு சலிப்புச் சொல்லைக் கேட்டதில்லை, ஏன் இப்படிச் செய்தாய், ஏன் செய்யவில்லை என்ற கேள்வியையும் கேட்டதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். பத்தாண்டில் ஒரு பாத்திரமும் உடையாமலா இருந்திருக்கும்? கைத்தவறுக்கு அங்கே கோபம் இல்லை. ஆனால் ஜகாத் வசூலிக்கப் போன அதிகாரி திரும்பி வந்து, "இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்று பிரித்துக் காட்டியபோது, மிம்பரில் ஏறி எல்லோரும் அறியக் கண்டித்தார்கள். பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்பது அவர்கள் எழுப்பிய வினாவின் கருத்து. குறைந்து வந்ததை மன்னித்தார்கள். கூடுதலாக வந்ததை, "எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்கள். நான் குறைவுக்குக் கணக்குக் கேட்டு, மிகுதிக்கு நன்றி சொன்னவன்.

அதே போல், சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்தபோது நபிகளார் தம் கையை உள்ளே விட்டுப் பார்த்த சம்பவம். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். பொய் சொல்லவில்லை, மழைதான். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். பாகூர்ப் பக்கம் நெல் வாங்கி விற்கும் எவருக்கும் இந்த ஹதீஸ் தம் களத்திலேயே நடந்தது போலத் தோன்றும். இன்று அரசு கொள்முதலில் 17 சதவீத ஈரப்பதம் வரை என்று வரம்பு வைத்து, அதற்கென்று கருவி வைத்து அளக்கிறார்கள். கருவி இல்லாத காலத்தில் கைதான் கருவி. "கையில எடுத்துப் பாக்கவே மாட்டீங்களா பாய்?" என்று அந்த அம்மாள் கேட்டது, அவர் அறியாமலே, ஒரு சுன்னத்தை எனக்கு நினைவூட்டியது.

சிலர் கேட்கலாம்: வேலையாட்களை இப்படித் துருவித் துருவிப் பார்ப்பது சந்தேகம் ஆகாதா, உளவு பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லையா என்று. தடுத்திருக்கிறது. ஆனால் குவியலுக்குள் கை விட்டது சரக்கைப் பார்ப்பதற்கு. மனிதனின் அந்தரங்கத்தைப் பார்ப்பதற்கு அல்ல. நான் காலிச் சாக்கை மாதம் ஒருமுறை நிறுத்திருந்தால் எடைக்காரருக்கு அது அவமானம் இல்லை. உண்மையில் அவருக்கே காவலாக இருந்திருக்கும். பார்க்காமல் நம்பினேன் என்பதை நான் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதில் பாதி சோம்பல்.

இன்னொரு ஆட்சேபணை கனமானது. ஆயிரம் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் எவனோ ஒருவன் செய்வதற்கெல்லாம் தலைவர் பொறுப்பென்றால், எவரும் பெருந்தொழில் நடத்த முடியாதே? ஒப்புக்கொள்கிறேன். எவனோ ஒருவன் தன் சட்டைப் பைக்குத் திருடினால் அது அவன் கணக்கு. ஆனால் அவன் செய்த மோசடியின் லாபம் யார் பெட்டியில் விழுந்தது, கை விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா, அவனை அதற்குத் தள்ளிய பயம் யார் கொடுத்தது என்று கேட்டால், விடை முதலாளியின் வாசலில் வந்து நிற்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்னும் பெரிய வங்கியில் நடந்தது இதற்குச் சான்று. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்குகள் என்று இலக்கு வைத்துக் கிளை ஊழியர்களை நெருக்கினார்கள். இலக்கை எட்டாவிட்டால் வேலை போகும் என்ற பயத்தில், ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே இலட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, இதற்காக ஏற்கெனவே சுமார் 5,300 ஊழியர்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டிருந்த செய்தி வெளியாயிற்று. தலைமை நிர்வாகி அடுத்த மாதமே பதவி விலக நேர்ந்தது. 2020ல் அவருக்கும் 1.75 கோடி டாலர் அபராதம் விதித்து, வங்கித் தொழிலிலிருந்தே விலக்கி வைத்தார்கள். கணக்குத் திறந்த கைகள் அவருடையவை அல்ல. இலக்கு வைத்ததும், எண்ணிக்கை ஏறியபோது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் மகிழ்ந்ததும் தலைமை.

என் தங்கை மகனின் நோட்டில் ஆறாவதாக இருந்த குணத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

உமர் (ரலி) அவர்கள் காலத்தில், பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாய்க்கு, கலீஃபா தடுத்திருக்கிறாரே என்று மகள் பதில் சொன்ன கதை நம் குழந்தைகளுக்கும் தெரியும். உமர் இங்கே பார்க்கிறாரா என்றாள் தாய். உமரின் ரப்பு பார்க்கிறான் என்றாள் மகள். அந்தப் பெண்ணின் ஈமானைப் புகழ்கிறோம், புகழ வேண்டியதுதான். ஆனால் கலீஃபாவின் தடை ஓர் ஏழைக் குடிசைக்குள் இரவிலும் செல்லுபடியானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மக்களுக்கு ஒன்றைத் தடுத்தால் உமர் (ரலி) அவர்கள் முதலில் தம் குடும்பத்தாரைக் கூட்டி, உங்களில் எவரேனும் மீறினால் இரட்டிப்புத் தண்டனை என்று சொல்லிவிடுவார்களாம். சொந்த வீட்டுக்கு இரட்டிப்பு எடை போடும் தலைவரின் சொல் அது.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பருவத்தில் வாங்கிய மூட்டைகளைக் கணக்கு நோட்டில் கூட்டினேன். விதவைத் தாயின் 14 மூட்டை நீங்கலாக 612 மூட்டைகள். மூட்டைக்கு அரை கிலோ வீதம் 306 கிலோ, அதாவது நான்கு மூட்டையும் ஆறு கிலோவும். "இதுக்கா இவ்வளவு?" என்று வீட்டில் கேட்டார்கள். நான்கு மூட்டை நெல்லுக்கு 41 விவசாயிகள் வீட்டு வாசலில் போய் நிற்பதென்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

முதலில் எடைக்காரருக்கு முந்திய ஆண்டு பிடித்த சம்பளத்தைக் கொடுத்தேன். ஹஜ்ரத் அவர்கள்தான் அந்த வரிசையைச் சொன்னார்கள். கூலிக்காரரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், நெல் உலர்ந்ததற்காகக் கூலியைப் பிடித்தவன் நான். அவர் வாங்க மறுத்தார். பிறகு வாங்கிக்கொண்டு, "பாகூருக்கு நானும் வரேன் முதலாளி, எடை போட்டது நான்தானே" என்றார். கரிக்கலாம்பாக்கம் வழியாக இரண்டு பேரும் ஒரே மொபெட்டில் போனோம்.

35 பேரைக் கண்டுபிடிக்க முடிந்தது. 538 மூட்டைக்கு உரிய 269 கிலோவின் விலையை அவரவர் கையில் கொடுத்தோம். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "மத்த மண்டியிலே எவ்வளவு போகுதோ" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு மோர் கொடுத்தார். ஒருவர் திட்டினார். திட்டியவர்தான் அடுத்த பருவத்தில் முதல் வண்டியைக் கொண்டு வந்தார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அவர் வரவே இல்லை.

மீதி ஆறு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தரகர் ஒருவர் மூலம் வந்தவர்கள். தரகர் பெயரை மட்டும் எழுதியிருந்தேன், உடையவர் பெயரோ ஊரோ எழுதவில்லை. எழுதிய இடத்திலெல்லாம் எனக்கு மீட்சி கிடைத்தது. எழுதாத இடத்தில் கதவு அடைத்திருந்தது.

கணக்கு எழுதுவது நம்மைப் பிறர் ஏமாற்றாமல் இருப்பதற்கு என்றே அதுவரை நினைத்திருந்தேன். திருமறையின் ஆக நீண்ட வசனம் கடனை எழுதுவது பற்றியது (2:282). அதில் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கொடுக்க வேண்டியவர் என்பதை அன்றுதான் உற்றுக் கவனித்தேன். எவர் மீது பொறுப்பு இருக்கிறதோ அவர் வாயிலிருந்து அது எழுதப்பட வேண்டும். அப்படியென்றால் கணக்கு நோட்டு என்பது முதலில், நான் பிறருக்குத் தர வேண்டியதன் சாட்சி. எனக்கு வர வேண்டியதன் சாட்சி அதற்கு அப்புறம்.

இந்த மண்ணிலேயே அப்படி எழுதிய ஒருவர் இருந்தார். பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, பெரும் வணிகர், சொந்தமாகக் கப்பல் விட்டவர். 1736 முதல் 1761ல் இறக்கும் வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள், தமிழில் நாட்குறிப்பு எழுதினார். வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததெல்லாம் அந்தக் காலத்தில்தான். கவர்னர் துய்ப்ளேக்கு நெருக்கமான பெரிய மனிதர் தம் பெருமைகளை எழுதியதில் வியப்பில்லை. தமக்கு நேர்ந்த அவமானங்களையும், அரண்மனையில் கேட்ட கடுஞ்சொற்களையும், கைமாறிய வெகுமதிகளையும்கூட எழுதி வைத்தாரே, அதுதான் வியப்பு. அவரிடம் குறைகள் இல்லாமலில்லை, படித்தவர்களுக்குத் தெரியும். ஆயினும் ஒவ்வொரு நாளும் இரவில் உட்கார்ந்து இன்று நடந்தது இது என்று எழுதும் வழக்கம், ஒரு வியாபாரி தன்னையே நிறுத்துப் பார்க்கும் தராசு. வகுப்பில் இதை ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை என்று தெரியவில்லை. ரங்கப்பிள்ளை வீதி வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறோம்.

ஆறு பேருடைய 37 கிலோ நெல்லின் விலையை, அவர்கள் சார்பில் என்று நிய்யத் வைத்து, ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள் ஹஜ்ரத். அவர்கள் என்றைக்காவது வந்து கேட்டால் மறுபடியும் என் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தத் தரகர் பெயர் எழுதிய பக்கத்தைக் கிழித்து எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். மண்டியை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. யாரும் வரவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது மஃரிபுக்கு நேரமாகியிருந்தது. தங்கை மகன் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"மாமா, போன வாரம் மிளகாய்த் தூள் ரெண்டு கிலோ கீழே கொட்டிப் போச்சுன்னு ஒரு பையனுக்கு ஒரு நாள் சம்பளத்தை நிறுத்திட்டேன். நேத்து பாத்தா பொட்டலக் கணக்கு சரியா இருக்கு. ரெண்டு கிலோ குறையவே இல்லை. அது எப்படி?"

நான் பதில் சொல்வதற்குள் பள்ளியில் பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுதுவிட்டு வெளியே வந்தபோது அவன் செருப்பைக்கூட மாட்டாமல் படியோரம் நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். "நாளைக்குக் காலையிலே தராசைத் தொடாதீங்க, நான் வந்து பொட்டலத்தை எல்லாம் நிறுத்துப் பாக்கணும்" என்பது மட்டும் என் காதில் விழுந்தது.